வாடகைப் பாய்மரப் படகின் டீசல் இன்ஜின்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

இந்தக் கோடையில் கிரேக்கத்தில் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்து, ஸ்கிப்பர் வைக்காமல் தாங்களே ஓட்டப் போகிறவர்கள் சிலர் இன்ஜினைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். லெஃப்காஸிலும் ஏதென்ஸ் அலிமோஸ் மரினாவிலும் இந்தப் படகுகளின் இன்ஜின்களைப் பராமரிக்கிறவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பாய்மரப் படகுதானே, காற்று போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. துறைமுகத்துக்குள் நுழைய, நங்கூரம் தூக்க, காற்றே இல்லாத காலை நேரத்தில் நகர, பேட்டரி ஏற்ற, குளிக்க வெந்நீர் கிடைக்க, எல்லாவற்றுக்கும் இன்ஜின்தான். கொரிந்து கால்வாயில் பாய் விரித்துப் போகவே அனுமதி இல்லை. 6 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான அந்தக் குறுகிய பாதை முழுக்க இன்ஜினை நம்பித்தான் போக வேண்டும்.

கேள்வி (சிங்கப்பூர்): அண்ணா, சனிக்கிழமை சாயங்காலம் படகைக் கையில் கொடுப்பார்கள் என்கிறார்கள். அங்கே எல்லாமே அவசரம் என்று கேள்விப்பட்டேன். இன்ஜினில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

அவசரம்தான். காலையில் ஒரு குழு இறங்கும், மாலை ஐந்து மணிக்கு அடுத்த குழு ஏறும். நடுவில் இருக்கும் சில மணி நேரத்தில் துடைப்பவர், மெக்கானிக், பாய் பார்ப்பவர் எல்லோரும் ஒரே படகில் நிற்பார்கள். அதனால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்ற வார்த்தையை மட்டும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். வாரத்துக்கு ஒரு புது ஆள் கையில் மாறும் இன்ஜின் இது. போன வாரம் ஓட்டியவர் என்ன செய்தார் என்று யாருக்கும் முழுதாகத் தெரியாது.

கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டைத் தூக்கினால் பின்னால் இன்ஜின் இருக்கும். திறந்ததும் முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள். டீசல் வாடை லேசாக இருக்கலாம். கண்ணில் எரிகிற அளவுக்கு இருந்தால் எங்கோ கசிகிறது. பிறகு டார்ச் அடித்து, ஒரு டிஷ்யூ பேப்பரால் டீசல் ஃபில்டரின் அடிப்பக்கத்தையும், இன்ஜினுக்குக் கீழே உள்ள தட்டையும் துடைத்துப் பாருங்கள். சுத்தமான தட்டு நல்ல அடையாளம். அடுத்த நாள் அதே இடத்தில் ஒரு சொட்டு விழுந்தாலும் தெரிந்துவிடும்.

கடல்நீர் பம்பின் அடிப்பக்கத்தில் ஒரு சின்னத் துளை இருக்கும். அதைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் உள்ளே இருக்கும் சீல் தேய ஆரம்பித்துவிட்டது. இன்றைக்கே படகு நிற்காது, ஆனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டி எழுதி வாங்குங்கள். பெல்ட்டைச் சுற்றிக் கறுப்புத் தூள் கொட்டிக் கிடந்தால் பெல்ட் தேய்கிறது. நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 மில்லிமீட்டர் அமுங்க வேண்டும்.

ஆயில், கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இரண்டையும் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஆயில் அளவு காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மறுபடி செருகி எடுத்தால் ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டும். கூலன்ட் மூடியைச் சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். கடல்நீர் உள்ளே வரும் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டு, நீங்களே மூடித் திறந்து பாருங்கள். கைக்கு வராமல் இறுகிப் போன வால்வை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக இன்ஜினை ஓட விடச் சொல்லுங்கள். இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் மணிமீட்டரில் இருக்கும் எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டியிருக்கும் கயிறு தாங்குமா என்று பார்த்துவிட்டு, ஃபார்வர்ட், ரிவர்ஸ் இரண்டு கியரையும் போட்டுப் பாருங்கள். இதற்கெல்லாம் கால் மணி நேரம் ஆகும். அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (சென்னை): சாவியைத் திருப்பியதும் கீச்சென்று கத்துகிறது சார். போன வருடம் பயந்து அணைத்துவிட்டோம். அது என்ன?

கத்தினால்தான் நல்லது. ஓடாத இன்ஜினில் ஆயில் பிரஷர் இருக்காது, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றாது. அதைத்தான் அந்த விளக்குகளும் சத்தமும் சொல்கின்றன. இன்ஜின் ஓட ஆரம்பித்த சில விநாடிகளில் இரண்டும் அடங்க வேண்டும். சாவி போட்டும் கத்தவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அலாரமே வேலை செய்யாத இன்ஜின் ஆபத்து வரும்போதும் வாயைத் திறக்காது.

ஸ்டார்ட் செய்யும்போது கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பல இன்ஜின்களில் சில விநாடி ஹீட்டர் போட்டுவிட்டுத்தான் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். உங்கள் படகில் எப்படி என்று அங்கேயே கேளுங்கள். பிடித்ததும் உறுமவிடாமல் இரண்டு மூன்று நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடாக்குங்கள்.

அணைக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். சில படகுகளில் நிறுத்த ஒரு பொத்தான், சிலவற்றில் இழுக்கும் குமிழ். இன்ஜின் முழுதாக நின்ற பிறகே சாவியை அணைக்க வேண்டும். ஓடும்போது பேட்டரி மெயின் சுவிட்சை அணைத்தால் ஆல்டர்னேட்டரின் டையோடுகள் போய்விடும். படகில் குழந்தைகள் இருந்தால் அந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது, ஏன் தொடக்கூடாது என்று முதல் நாளே காட்டிவிடுங்கள்.

கேள்வி (டொராண்டோ): ஸ்டார்ட் செய்ததும் முதலில் எதைப் பார்க்க வேண்டும்? மீட்டரையா?

மீட்டர் பிறகு. முதலில் படகின் பின்னால் குனிந்து எக்ஸாஸ்ட்டை, அதாவது புகை வெளியேறும் குழாயைப் பாருங்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது.

இந்த இன்ஜின்களில் இரண்டு தண்ணீர் ஓட்டம் உண்டு. உள்ளே கூலன்ட் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. வெளியே இருந்து பம்ப் இழுக்கும் கடல்நீர் அந்தக் கூலன்ட்டின் சூட்டை வாங்கிக்கொண்டு, எக்ஸாஸ்ட் புகையோடு கலந்து பின்னால் கொப்பளித்துக்கொண்டு வெளியேறும். "ப்ளக், ப்ளக்" என்று விட்டுவிட்டுத் தண்ணீர் துப்ப வேண்டும். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் வரவில்லை என்றால் உடனே அணையுங்கள். பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் தண்ணீரின் வழுவழுப்பில்தான் பிழைக்கிறது. வறண்டு ஓடினால் கொஞ்ச நேரத்திலேயே அதன் இதழ்கள் கிழிந்துவிடும்.

தண்ணீர் வராததற்குக் காரணம் பெரும்பாலும் எளிதானதுதான். யாரோ வால்வை மூடிவிட்டுத் திறக்க மறந்திருப்பார்கள். இல்லாவிட்டால் கடல்நீரை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரில் கடற்புல் அடைத்திருக்கும். சில நங்கூர இடங்களில் அடியெல்லாம் புல்தான். மூன்றாவது, இம்பெல்லர். செய்ல்டிரைவ் (ப்ரொபெல்லரைத் தாங்கி, படகின் அடியிலிருந்து கால் போல இறங்கும் பகுதி) உள்ள படகாக இருந்தால் தண்ணீர் அந்தக் காலின் வழியாகவே உள்ளே வரும். அதில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலும் போதும், ஓட்டம் நின்றுவிடும். இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்ட பிறகு ஒருவர் தண்ணீரில் இறங்கிப் பார்க்கலாம்.

ஓடிக்கொண்டிருக்கும்போதும் மணிக்கு ஒரு தடவை அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். வழக்கமான கொப்பளிப்பு மாறி வறண்ட, முரட்டுச் சத்தமாகக் கேட்டால், மீட்டர் ஏறுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அதே வாசகர்: டெம்பரேச்சர் அலாரம் அடித்தால் உடனே அணைத்துவிடலாமா?

எந்த அலாரம் என்பதைப் பொறுத்தது. ஆயில் பிரஷர் அலாரம் என்றால் ஒரு நொடியும் யோசிக்காமல் அணையுங்கள். சூடு அலாரம் என்றால் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, மெதுவாக ஓடவிட்டு எக்ஸாஸ்ட்டைப் பாருங்கள். தண்ணீர் இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். தண்ணீர் வந்தால் சில நிமிடத்தில் சூடு இறங்குகிறதா என்று கவனியுங்கள். கரைக்கு அருகில் இருந்தால் அணைப்பதற்கு முன் பாய் விரிக்கவோ நங்கூரம் போடவோ இடம் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினை விட உள்ளே இருக்கும் ஆட்கள் முக்கியம்.

கேள்வி (லண்டன்): அண்ணை, நாங்கள் குடும்பமா எட்டுப் பேர் கோர்ஃபுவுக்கு வாறம். ஸ்டார்ட் எடுக்கேல்ல எண்டால் திரும்பத் திரும்ப அடிச்சுப் பாக்கலாம்தானே? பேட்டரி நல்லா இருந்தால்?

வேண்டாம். இன்ஜினே பாழாகிற இடம் இதுதான்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது இன்ஜினோடு கடல்நீர் பம்பும் சுற்றும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தண்ணீர் எக்ஸாஸ்ட் பெட்டிக்குள் போகும். இன்ஜின் பிடித்திருந்தால் புகையின் அழுத்தம் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளிவிடும். பிடிக்காதபோது தள்ள ஆளில்லை, பெட்டி நிரம்புகிறது. நிரம்பினால் தண்ணீர் பின்வழியாக ஏறி, இன்ஜினில் திறந்திருக்கும் எக்ஸாஸ்ட் வால்வு வழியே சிலிண்டருக்குள் இறங்கிவிடும். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வந்து முட்டும்போது கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் அழுத்தாதீர்கள். இரண்டு மூன்று முயற்சியில் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு அடுத்ததை முயலுங்கள். பிடித்த உடனே வால்வைத் திறக்க ஒருவரைப் பக்கத்தில் நிறுத்துங்கள். "திறந்தாச்சு" என்று அவர் வாய்விட்டுச் சொல்லட்டும். ஸ்டார்ட்டர் "டொக்" என்று நின்று மேற்கொண்டு சுற்றவே மறுத்தால் தண்ணீர் ஏற்கனவே உள்ளே போயிருக்கலாம். கையை எடுத்துவிட்டு அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி (மதுரை): டிப்ஸ்டிக்கில் ஆயில் தார் மாதிரி கறுப்பாக இருக்கிறது. மாற்றச் சொல்ல வேண்டுமா?

டீசல் இன்ஜினில் ஆயில் மாற்றிச் சில மணி நேரத்திலேயே கறுத்துவிடும். நிறத்துக்காகக் கவலை வேண்டாம். பால் கலந்தது போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள், ஓட்டாதீர்கள். அளவு நேற்றைவிடக் கூடியிருந்தாலும் அதே எச்சரிக்கைதான். ஆயில் தானாகக் கூடாது. டீசலோ தண்ணீரோ இறங்குகிறது.

கேள்வி (பினாங்கு): புகையின் நிறத்தை வைத்து என்ன சொல்லலாம்?

கரும்புகை வந்தால் இன்ஜின் தன் சக்திக்கு மேல் இழுக்கிறது. ப்ரொபெல்லரில் சிப்பி ஒட்டியிருக்கலாம், கயிறு சுற்றியிருக்கலாம், காற்று ஃபில்டர் அடைத்திருக்கலாம். நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப்புகை காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வந்து போனால் பாதகமில்லை. இன்ஜின் சூடான பிறகும் தொடர்ந்தால் ஒன்று தண்ணீர் ஆவியாகிறது, இல்லை டீசல் சரியாக எரியவில்லை. கூடவே எக்ஸாஸ்ட் தண்ணீரின் அளவும் குறைந்திருந்தால் இன்ஜின் சூடேறப் போகிறது.

கேள்வி (கோவை): பாயில் ஓடும்போது கியரை எதில் விடுவது? ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

ஒவ்வொரு இன்ஜினுக்கும் ஒவ்வொன்று என்பதால்தான் அந்தக் குழப்பம். யான்மார் இன்ஜின் என்றால் நியூட்ரலில் விடச் சொல்கிறது அந்த நிறுவனம். வோல்வோ பென்டா செய்ல்டிரைவும் மடங்கும் ப்ரொபெல்லரும் இருந்தால், இன்ஜினை அணைத்த பிறகு ரிவர்ஸில் போட்டால் இறக்கைகள் மடங்கும். ஃபார்வர்டில் மட்டும் எதையும் விடாதீர்கள். எதில் விட்டிருந்தாலும் மறுபடி ஸ்டார்ட் செய்யும் முன் நியூட்ரலா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. பாயும் இன்ஜினும் சேர்த்து ஓட்டும்போது படகு 20 டிகிரிக்கு மேல் சாய்ந்து நெடுநேரம் போகக் கூடாது. கடல்நீர் வரும் வாய் காற்றை இழுக்கும், ஆயில் பம்பின் வாய்க்கும் ஆயில் எட்டாமல் போகலாம்.

கேள்வி (பெங்களூரு): நங்கூரம் போட்ட இடத்தில் பேட்டரி ஏற்ற இரண்டு மணி நேரம் இன்ஜினைச் சும்மா ஓடவிட்டோம். அது தவறு என்றார் ஒருவர்.

அவர் சொன்னது சரி. சுமையே இல்லாமல் மெதுவாக நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வராது, எரிபொருள் முழுதாக எரியாது. எக்ஸாஸ்ட் குழாய் வளையும் இடமான முழங்கையில் கரி படிந்து படிந்து வழியையே அடைத்துவிடும். வாடகைப் படகுகளில் நாங்கள் அடிக்கடி கழற்றிச் சுத்தம் செய்யும் பாகம் அதுதான். நங்கூரத்திலேயே ஏற்ற வேண்டி வந்தால் கியர் சேராமல் த்ராட்டிலை மட்டும் கொடுத்து நிமிடத்துக்கு 1500 சுற்றுக்குக் கொஞ்சம் மேலே ஓடவிடுங்கள். அதைவிட, துறைமுகத்துக்குள் நுழையும் முன் கடைசி ஒரு மணி நேரத்தை இன்ஜினில் ஓட்டுவது நல்லது. பேட்டரியும் ஏறும், வெந்நீரும் தயாராகும், இன்ஜினுக்கும் நல்ல வேலை கிடைக்கும்.

நீண்ட தூரம் ஓட்டுவதற்கு அதிகபட்சச் சுற்றில் 70 முதல் 80 சதவீதம் போதும். 3200 சுற்று இன்ஜினில் 2200 முதல் 2500. கடைசி அரை நாட் வேகத்துக்காக அழுத்தினால் டீசல்தான் கரையும்.

கேள்வி (துபாய்): ஒரு வாரத்துக்கு டீசல் எவ்வளவு ஆகும்? எங்கே போடுவது?

40 அடிப் படகு நிதானமான வேகத்தில் மணிக்கு 3 முதல் 4 லிட்டர் குடிக்கும். டேங்க் பெரும்பாலும் 200 லிட்டர். முழு டேங்கோடு கொடுப்பார்கள், முழு டேங்கோடு திருப்பித் தர வேண்டும். கிரேக்கத்தில் பல துறைமுகங்களில் சின்ன டேங்கர் லாரியே படகுத்துறைக்கு வந்து ஊற்றும். துறைமுகத்தில் கேட்டால் போன் நம்பர் தருவார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. டெக்கில் டீசலுக்கு ஒரு மூடி, குடிதண்ணீருக்கு ஒரு மூடி. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, திறப்பதும் ஒரே சாவி. மூடியின் மேல் எழுத்து தேய்ந்திருக்கும். வெயிலில், பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போது, தண்ணீர்க் குழாயை டீசல் டேங்கில் செருகுவது ஒவ்வொரு பருவத்திலும் எங்காவது நடக்கிறது. ஊற்றும்போது ஒருவர் வேறு வேலை பார்க்காமல் பக்கத்தில் நிற்கட்டும். மாறிப் போய்விட்டால் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியைக்கூடத் திருப்பாதீர்கள். சில இன்ஜின்களில் சாவி போட்டதுமே எலக்ட்ரிக் பம்ப் டீசலை இழுக்க ஆரம்பித்துவிடும். தண்ணீர் டேங்கோடு நின்றால் டேங்கைச் சுத்தம் செய்வதோடு போகும். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போனால் செலவு வேறு கணக்கு, அதுவும் உங்கள் டெபாசிட்டில்.

கேள்வி (சென்னை): ஏஜியன் கடலில் மெல்டெமி காற்றில் அலை தூக்கிப் போட்டபோது இன்ஜின் ஏறி இறங்கி நின்றுவிட்டது. அமைதியான நீரில் ஒரு குறையும் இல்லை. ஏன்?

டேங்கின் அடியில் தங்கியிருந்த கசடு அலையில் கலங்கி ஃபில்டரை அடைத்திருக்கும். டீசலுக்குள் தண்ணீர் கொஞ்சம் சேர்ந்தால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர் வளர்ந்து கறுப்புக் கூழாகும். அதனால்தான் இன்ஜின் எப்போதும் மோசமான நேரத்தில் நிற்பதாகத் தோன்றுகிறது. கலக்குவதே அந்த அலைதான்.

முன்கூட்டியே பார்க்கலாம். முதல் ஃபில்டருக்குக் கீழே கண்ணாடிக் கிண்ணம் போல ஒன்று இருக்கும். தினமும் டார்ச் அடித்துப் பாருங்கள். டீசல் தெளிவாக இருக்க வேண்டும். அடியில் தனியாக ஒரு படலம் தெரிந்தால் அது தண்ணீர், கறுப்புத் துகள் தெரிந்தால் கசடு. கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி ஒரு பாட்டிலில் வடித்துவிடலாம்.

கடலில் நின்றுவிட்டால் முதல் வேலை பாய் விரித்துக் கரையிலிருந்து விலகுவது. பிறகுதான் ஃபில்டர். மாற்றிய பின் குழாயில் காற்று தங்கியிருக்கும். ஃபில்டர் தலையில் உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்தி, கைப்பம்பை அடித்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். அப்போது இறுக்குங்கள். பழைய வகை இன்ஜின்களில் இன்ஜெக்டர் நட்டையும் தளர்த்திக் காற்றை வெளியேற்றுவார்கள். புதிய காமன்-ரெயில் இன்ஜின்களில், உதாரணமாக யான்மார் 4ஜேஎச்45, அந்தக் குழாய்களில் கையே வைக்கக் கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பார் (அழுத்த அலகு) அளவுக்கும் மேல். அதிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கேள்வி (சிட்னி): ஹைட்ரா துறைமுகத்தில் ப்ரொபெல்லரில் கயிறு சுற்றிக்கொண்டது. நியூட்ரலுக்குக் கொண்டுவந்து ரிவர்ஸ் போட்டால் அவிழுமா?

அபூர்வமாக அவிழும். பெரும்பாலும் இன்னும் இறுகும், செய்ல்டிரைவ் சீலுக்குள்ளும் புகுந்துவிடும். இன்ஜின் ஒரு முனகலோடு நின்றிருந்தால் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள். உடனே பக்கத்துப் படகுக்கு ஒரு கயிறு வீசிக் கட்டிக்கொள்ளுங்கள். ஹைட்ரா சின்னத் துறைமுகம், அங்கே யாரும் மறுக்க மாட்டார்கள். சாவி வெளியே வந்த பிறகு, கண்ணாடியும் ரம்பப்பல் கத்தியுமாக ஒருவர் இறங்கலாம். அலையில் படகின் அடி மேலும் கீழும் வரும், தலையில் அடிபடும். அமைதியான நீரில் மட்டும் இறங்குங்கள். பிறகு கியர் ஆயிலைப் பாருங்கள். வெளுத்திருந்தால் சீல் போய்விட்டது.

கேள்வி (சிங்கப்பூர்): இன்ஜின் பெட்டிக்குள் புகை கிளம்பினால் திறந்து பார்க்க வேண்டுமா?

திறக்காதீர்கள். திறந்தால் தீக்குக் காற்றைக் கொடுக்கிறீர்கள். படிக்கட்டுப் பலகையில் ஒரு சின்ன வட்டத் துளை, அதற்கு ஒரு மூடி இருக்கும். அணைப்பானின் மூக்கை அதன் வழியே செருகி அழுத்தத்தான் அந்தத் துளை. இன்ஜினையும் டீசல் வால்வையும் நிறுத்துங்கள், எல்லோரும் மேலே வரட்டும், விஎச்எஃப் ரேடியோவில் அவசர அழைப்புக்கான 16-ஆம் சேனலில் சொல்லுங்கள். அணைந்த பிறகும் உடனே திறக்க வேண்டாம். சூடு ஆறும் வரை பொறுங்கள். அந்தத் துளையும் டீசல் வால்வும் எங்கே என்று சனிக்கிழமையே விரல் வைத்துத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.